ஒரே ஊரில் 11 வருஷம் நடந்த ரேஸ்... ஒரே இரவில் கைமாறியது எப்படி? அடிலெய்டு - மெல்போர்ன் ஃபார்முலா 1 கதை முழு விவரம்

1995 நவம்பர் 12. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் நடந்த ஃபார்முலா 1 பந்தயத்தில் பிரிட்டன் வீரர் டேமன் ஹில் ஜெயித்தார். அது அந்த சீசனின் கடைசி ரேஸ்.

1996 மார்ச் 10. அடுத்த சீசனின் முதல் ரேஸ். மறுபடியும் ஆஸ்திரேலியன் கிராண்ட்பிரி, மறுபடியும் டேமன் ஹில்தான் வெற்றி. ஆனா ஊர் வேற. இந்த முறை ரேஸ் நடந்தது மெல்போர்ன் நகரின் ஆல்பர்ட் பார்க்கில்.

ஒரே பெயர் கொண்ட ரேஸ், அடுத்தடுத்து இரண்டு முறை, 700 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் இரண்டு ஊர்களில் நடந்திருக்கிறது. பின்னணியில் திவாலான ஒரு வங்கி, ரகசியமாக கையெழுத்தான ஒப்பந்தம், ஒரு தேர்தல், மரங்களில் கட்டப்பட்ட மஞ்சள் ரிப்பன்கள், 30 ஆண்டுகள் கடந்தும் ஓயாத ஒரு பணச் சண்டை என நிறைய இருக்கிறது.

ஒரு பெரிய மோட்டார் ரேஸ் எதற்காக ஊர் மாறுகிறது? முடிவு எடுப்பது யார்? பில் கட்டுவது யார்? விரிவாகப் பார்க்கலாம்.

முதல்ல அடிப்படை: ரேஸ் யாருக்குச் சொந்தம்?

பலரும் நினைப்பது போல ஒரு கிராண்ட்பிரி அந்த ஊருக்கோ, அந்த மைதானத்துக்கோ சொந்தமானது கிடையாது. ஃபார்முலா 1-இன் வணிக உரிமை ஒரு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. 1990களில் அந்த உரிமையைக் கையில் வைத்திருந்தவர் பெர்னி எக்கிள்ஸ்டோன். இப்போது அது அமெரிக்காவின் லிபர்ட்டி மீடியா நிறுவனத்திடம் இருக்கிறது.

ரேஸ் நடத்த விரும்பும் ஊர் இந்த உரிமையாளரிடம் ஒப்பந்தம் போட வேண்டும். சில ஆண்டுகளுக்கு இத்தனை ரேஸ், ஒவ்வொரு ரேஸுக்கும் இவ்வளவு கட்டணம் என்று அதில் இருக்கும். எளிமையாகச் சொன்னால், இது வாடகைக்கு எடுக்கும் திருவிழா. ஒப்பந்தம் முடியும் நேரத்தில் வேறு ஊர்க்காரர் அதிகப் பணத்தோடு வந்தால் திருவிழா அங்கே போய்விடும்.

வருமானக் கணக்கும் கொஞ்சம் விநோதமானது. டிக்கெட் விற்பனைதான் ரேஸ் நடத்தும் ஊருக்கு முக்கிய வருமானம். டிவி ஒளிபரப்பு உரிமை, டிராக் ஓரம் வைக்கப்படும் பெரிய விளம்பரங்கள் ஆகியவற்றின் பணம் பெரும்பாலும் வணிக உரிமையாளருக்கே போகும். அதனால்தான் பல நாடுகளில் அரசாங்கம் உள்ளே வந்து மிச்சத்தைக் கட்டுகிறது. கூடவே 'எங்கள் ஊர் உலக டிவியில் வருகிறது, சுற்றுலா வளரும்' என்ற கணக்கும் சொல்லப்படும்.

அடிலெய்டுக்கு ரேஸ் வந்தது எப்படி?

ஆஸ்திரேலியன் கிராண்ட்பிரி என்ற பெயருக்கு வயது அதிகம். 1928-ல் பிலிப் தீவில் தொடங்கி பல ஊர்களில் நடந்தது. ஆனா அது ஃபார்முலா 1 உலக சாம்பியன்ஷிப்பின் ஒரு சுற்றாக மாறியது 1985-ல்தான். அந்த வாய்ப்பைப் பிடித்தது சிட்னியும் இல்லை, மெல்போர்னும் இல்லை. சுமார் 10 லட்சம் மக்கள் வாழ்ந்த அடிலெய்டு.

தெற்கு ஆஸ்திரேலியா மாகாணம் 1986-ல் தனது 150ஆவது ஆண்டைக் கொண்டாடத் தயாராகிக் கொண்டிருந்தது. அப்போது மாகாண பிரீமியராக, அதாவது நம்ம ஊர் முதல்வர் மாதிரியான பதவியில் இருந்தவர் ஜான் பேனன். அவரது அரசு எக்கிள்ஸ்டோனிடம் பேசி ரேஸைக் கொண்டுவந்தது. நகரின் கிழக்குப் பக்கம் இருக்கும் பூங்கா நிலம், குதிரைப் பந்தய மைதானம், சாதாரண சாலைகள் ஆகியவற்றை இணைத்து 3.78 கிலோமீட்டர் டிராக் அமைக்கப்பட்டது.

1985 நவம்பர் 3-ல் நடந்த முதல் ரேஸில் ஃபின்லாந்தின் கேகே ராஸ்பெர்க் வெற்றி பெற்றார். அன்றிலிருந்து 11 ஆண்டுகள் சீசனின் கடைசி ரேஸ் இங்கேதான். இதனால் இரண்டு முறை உலக சாம்பியன் யார் என்பது அடிலெய்டு தெருக்களில் முடிவானது.

* 1986: பட்டத்தை நெருங்கிக்கொண்டிருந்த நைஜல் மான்செல்லின் பின் டயர் அதிவேகத்தில் வெடித்தது. சாம்பியன் பட்டம் அலைன் ப்ராஸ்ட் கைக்குப் போனது.

* 1991: கொட்டும் மழையில் ரேஸ் நிறுத்தப்பட்டு, 14 சுற்றுகளுக்கு மட்டுமே முடிவு அறிவிக்கப்பட்டது. 2021 பெல்ஜியம் ரேஸ் வரை, ஃபார்முலா 1 வரலாற்றின் மிகச் சிறிய ரேஸ் இதுதான்.

* 1994: மைக்கேல் ஷூமாக்கரும் டேமன் ஹில்லும் மோதிக்கொள்ள, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஷூமாக்கர் முதல் முறையாக உலக சாம்பியன் ஆனார்.

சின்ன ஊர், சுத்தமான ஏற்பாடு, சீசன் முடியும் கொண்டாட்ட மனநிலை. வீரர்களுக்கும் அணிகளுக்கும் அடிலெய்டு பிடித்த இடமாக இருந்தது. அப்புறம் ஏன் போச்சு?

ரேஸ் கைமாறியது எப்படி?

காரணம் 1: வங்கி திவால்

1991-ல் தெற்கு ஆஸ்திரேலிய அரசுக்குச் சொந்தமான ஸ்டேட் பேங்க் கவிழ்ந்தது. அதைத் தூக்கி நிறுத்த மாகாண அரசு 300 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் கொட்ட வேண்டியிருந்தது. 1992-ல் பேனன் பதவி விலகினார். கடனில் தத்தளிக்கும் அரசு, கார் ரேஸுக்கு அதிகப் பணம் கட்டுவதை நினைத்துப் பார்க்க முடியாத நிலை.

காரணம் 2: மெல்போர்னின் ஏக்கம்

பக்கத்து மாகாணமான விக்டோரியாவும் அப்போது பொருளாதார ரீதியாக நொந்துபோயிருந்தது. அதன் தலைநகரான மெல்போர்ன், 1996 ஒலிம்பிக் போட்டியை நடத்த முயன்று அட்லாண்டாவிடம் தோற்றிருந்தது. 1992 அக்டோபரில் பிரீமியரான ஜெஃப் கென்னட், பெரிய நிகழ்ச்சிகளைக் கொண்டுவந்து ஊரை நிமிர்த்துவோம் என்ற திட்டத்தில் இறங்கினார். அவருக்குத் துணையாக இருந்தவர் மெல்போர்னின் முன்னாள் மேயரும் தொழிலதிபருமான ரான் வாக்கர். எக்கிள்ஸ்டோனிடம் பேச்சுவார்த்தை நடத்தியவரும் அவர்தான்.

காரணம் 3: தேர்தல் நேரம்

1993 டிசம்பர் 11-ல் தெற்கு ஆஸ்திரேலியாவில் தேர்தல். ஆளும் லேபர் கட்சி படுதோல்வி அடைந்தது. புதிய அரசு நாற்காலியில் உட்கார்ந்த சில நாட்களிலேயே செய்தி வெடித்தது: ரேஸ் மெல்போர்னுக்குப் போகிறது! ஒப்பந்தம் அதற்கு முன்பே ரகசியமாக முடிந்திருந்தது என்பதும் அப்போதுதான் வெளியே தெரிந்தது.

'எங்க ரேஸைத் திருடிட்டாங்க' என்ற கோபம் அடிலெய்டில் பற்றிக்கொண்டது. இரண்டு ஊர்களுக்கும் ஏற்கனவே இருந்த போட்டி, இதன் பிறகு இன்னும் கசப்பானது.

அந்தக் கோபத்தையும் பாசத்தையும் 1995-ல் நடந்த கடைசி ரேஸில் அடிலெய்டு மக்கள் காட்டினார்கள். ரேஸ் நாளில் மட்டும் 2 லட்சத்து 10 ஆயிரம் பேர் கூடியதாகக் கணக்கு சொல்லப்பட்டது. அதே வார இறுதியில்தான் மிகா ஹாக்கினன் பயங்கர விபத்தில் சிக்கினார். டிராக் ஓரத்திலேயே மருத்துவக் குழுவினர் அவரது தொண்டையில் துளையிட்டு மூச்சுவிட வழி செய்து உயிரைக் காப்பாற்றினார்கள். அவர் பின்னாளில் இரண்டு முறை உலக சாம்பியன் ஆனார்.

மஞ்சள் ரிப்பன் போராட்டம்: மெல்போர்ன் மக்கள் எதிர்த்தது ஏன்?

ரேஸை இழந்த ஊரில் மட்டும்தான் கோபம் என்று நினைத்தால் அது தப்பு. ரேஸ் கிடைத்த ஊரிலும் பெரிய எதிர்ப்பு கிளம்பியது.

ஆல்பர்ட் பார்க், மெல்போர்ன் நகர மையத்துக்கு மிக அருகில், நடுவில் ஏரியோடு இருக்கும் பொதுப் பூங்கா. மக்கள் நடைப்பயிற்சி போவதும், பிள்ளைகள் கால்பந்தும் கிரிக்கெட்டும் விளையாடுவதும் அங்கேதான். 1950களில் இங்கே கார் பந்தயங்கள் நடந்ததுண்டு. 1953 மற்றும் 1956 ஆஸ்திரேலியன் கிராண்ட்பிரி இங்கேதான் நடந்தது. அதற்குப் பிறகு சத்தம் அடங்கி, பல ஆண்டுகளுக்கு அது வெறும் பூங்காதான்.

இப்போது அந்தப் பூங்காவைச் சுற்றி ஓடும் சாலையை ரேஸ் டிராக்காக மாற்றப்போகிறார்கள் என்றதும் 'சேவ் ஆல்பர்ட் பார்க்' என்ற அமைப்பு உருவானது. வெட்டப்படவிருந்த மரங்களைச் சுற்றி மஞ்சள் ரிப்பன் கட்டினார்கள். ஆயிரக்கணக்கானோர் பேரணி போனார்கள். வேலை நடக்கும் இடத்தில் உட்கார்ந்து மறித்தவர்களில் நூற்றுக்கணக்கானோர் கைது செய்யப்பட்டார்கள். ஆனாலும் மரங்கள் விழுந்தன, டிராக் எழுந்தது.

போராடியவர்களை அதிகம் கொதிக்க வைத்தது மரங்கள் மட்டுமல்ல. 1994-ல் விக்டோரியா அரசு கொண்டுவந்த கிராண்ட்பிரி சட்டம்தான். வழக்கமான நகரத் திட்டமிடல், சுற்றுச்சூழல் விதிகள் இந்த வேலைக்குப் பொருந்தாது என்று அது சொன்னது. பாதிக்கப்பட்டவர்கள் இழப்பீடு கேட்டு நீதிமன்றம் போகும் வழியையும் அது சுருக்கியது. 'கார் ரேஸ் பிடிக்குமா, பிடிக்காதா என்பது வேற விஷயம். எங்களைக் கேட்காமல், கேள்வி கேட்கும் உரிமையையும் எடுத்துவிட்டு எப்படிச் செய்யலாம்?' என்பதுதான் போராட்டக்காரர்களின் வாதம்.

அரசுத் தரப்பு வாதமும் இருக்கிறது. பராமரிப்பு இல்லாமல் கிடந்த பூங்காவில் விளையாட்டு மைதானங்களும் பிற வசதிகளும் மேம்படுத்தப்பட்டன. ரேஸ் நடப்பது வருஷத்தில் சில நாட்கள்தான். ஊருக்கு உலகப் புகழ் கிடைக்கிறது என்றார்கள். நிரந்தர மைதானம் கட்டுவதைவிட, நகரத்துக்கு நடுவில் ரேஸ் நடத்தினால்தான் டிவியில் ஊர் தெரியும் என்பது கென்னட் அரசின் கணக்கு.

டிராக் மாறினா ரேஸ் எப்படி மாறும்?

இங்கே ஒரு சின்ன டெக்னிக்கல் விஷயம். ஃபார்முலா 1 விதிப்படி, ஒரு ரேஸின் மொத்த தூரம் 305 கிலோமீட்டரைத் தாண்ட வேண்டும். அதைத் தாண்டும் குறைந்தபட்ச சுற்று எண்ணிக்கைதான் அந்த ரேஸின் சுற்றுகள். மொனாக்கோவுக்கு மட்டும் விதிவிலக்கு, அங்கே சுமார் 260 கிலோமீட்டர்.

அடிலெய்டு டிராக் 3.78 கிலோமீட்டர். 80 சுற்று ஓடினால் 302.4 கிலோமீட்டர்தான் வரும், போதாது. அதனால் அங்கே 81 சுற்று. மெல்போர்ன் டிராக் 5.3 கிலோமீட்டர். அதனால் 58 சுற்றே போதும். ஒரு சுற்று நீளமாக இருப்பதால், டிக்கெட் வாங்கி ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் ரசிகர் கார்களைப் பார்ப்பது 81 முறையில் இருந்து 58 முறையாகக் குறைந்துவிட்டது!

சாலைகளின் தன்மையும் வேறு. அடிலெய்டில் கட்டடங்களுக்கு நடுவே நேராகப் போய் 90 டிகிரியில் திரும்பும் தெரு மூலைகள் அதிகம். மெல்போர்னில் ஏரியைச் சுற்றி வளைந்து ஓடும் பூங்காச் சாலை என்பதால் வேகம் அதிகம். 1996-ல் முதல் ரேஸின் முதல் சுற்றிலேயே மார்ட்டின் பிரண்டலின் கார் காற்றில் பறந்து இரண்டாக உடைந்தது. அவர் காயமின்றி எழுந்து ஓடிவந்து, மாற்று காரில் மறுபடியும் ரேஸில் கலந்துகொண்டார். உலகம் முழுக்க ஒளிபரப்பான அந்தக் காட்சிதான் ஆல்பர்ட் பார்க்கின் அறிமுகம்.

2022-ல் டிராக்கின் சில வளைவுகள் அகலப்படுத்தப்பட்டு, நீளம் 5.278 கிலோமீட்டர் ஆனது. சுற்றுகள் அதே 58 தான்.

சரி, யாருக்கு லாபம்?

இந்தக் கேள்விக்கு இன்று வரை ஒரே பதில் இல்லை.

கூட்டத்தைப் பார்த்தால் மெல்போர்ன் ஹிட். 2025-ல் நான்கு நாட்களில் 4 லட்சத்து 65 ஆயிரம் பேருக்கு மேல் வந்ததாக அறிவிக்கப்பட்டது. ஒப்பந்தம் 2037 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது.

ஆனா கணக்குப் புத்தகம் வேறு கதை சொல்கிறது. டிக்கெட், ஸ்பான்சர் வருமானம் போக விழும் துண்டை விக்டோரியா அரசுதான் கட்டுகிறது. சமீப ஆண்டுகளில் அந்தத் தொகை ஆண்டுக்கு சுமார் 10 கோடி ஆஸ்திரேலிய டாலரைத் தொட்டிருக்கிறது. 2007-ல் விக்டோரியாவின் தலைமைத் தணிக்கையாளர் வெளியிட்ட அறிக்கை, 2005 ரேஸின் செலவையும் பலனையும் எடைபோட்டு, செலவுதான் 67 லட்சம் டாலர் அதிகம் என்று சொன்னது.

ஆதரவாளர்கள் இதை ஏற்பதில்லை. ஹோட்டல், உணவகம், டாக்ஸி, தற்காலிக வேலைகள், ஊரின் பெயர் ஆகியவற்றையும் சேர்த்துப் பாருங்கள் என்கிறார்கள். எதிர்ப்பாளர்கள் கேட்பது ஒன்றுதான்: அதே பணத்தை வேறு எதில் போட்டிருந்தால் அதைவிட அதிகம் கிடைத்திருக்கும்?

ரேஸை இழந்த அடிலெய்டு என்ன ஆச்சு?

அடிலெய்டு சும்மா இருக்கவில்லை. 1999-ல் பழைய டிராக்கைச் சுருக்கி, உள்நாட்டு சூப்பர்கார்ஸ் ரேஸை அதே தெருக்களில் தொடங்கியது. அது பெரும் வரவேற்பைப் பெற்றது. 2020-ல் அப்போதைய மாகாண அரசு அதை நிறுத்தியது. அடுத்த தேர்தலில் 'ரேஸைத் திரும்பக் கொண்டுவருவோம்' என்று லேபர் கட்சி வாக்குறுதி கொடுத்தது. 2022 மார்ச்சில் ஆட்சியைப் பிடித்தது. அதே ஆண்டு டிசம்பரில் ரேஸ் திரும்ப நடந்தது. ஒரு கார் ரேஸ் தேர்தல் வாக்குறுதியாகும் அளவுக்கு அந்த ஊரில் 1995-ன் வலி ஆழமானது.

மற்ற ஊர்களில் நடந்தது என்ன?

* பிரிட்டன்: 2008-ல், பிரிட்டிஷ் கிராண்ட்பிரி சில்வர்ஸ்டோனில் இருந்து டோனிங்டன் பார்க்குக்கு 2010 முதல் மாறும் என்று அறிவித்தார்கள். 17 ஆண்டு ஒப்பந்தம். ஆனா டிராக்கைப் புதுப்பிக்கப் பணம் திரட்ட முடியவில்லை. 2009-ல் திட்டம் சரிந்தது, ரேஸ் சில்வர்ஸ்டோனிலேயே தங்கியது.

* ஜப்பான்: ஹோண்டாவின் சுஸூகா டிராக்கில் இருந்து டொயோட்டாவின் ஃபுஜி டிராக்குக்கு 2007-ல் ரேஸ் போனது. கொட்டும் மழையில் ரசிகர்கள் பஸ்ஸுக்காக மணிக்கணக்கில் தவித்தனர். 2009-ல் ரேஸ் சுஸூகாவுக்கே திரும்பிவிட்டது.

* ஸ்பெயின்: 1991 முதல் பார்சிலோனா அருகே நடந்துவந்த ஸ்பானிஷ் கிராண்ட்பிரி, 2026 முதல் 2035 வரை மாட்ரிட்டுக்கு என்று 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. 'ஸ்பானிஷ்' என்ற பெயர் தலைநகருக்குப் போக, 2026 அட்டவணையில் பார்சிலோனா ரேஸுக்கு 'பார்சிலோனா-கத்தலுன்யா' என்ற பெயர் தரப்பட்டது.

அதாவது, கையெழுத்துப் போட்டால் மட்டும் ரேஸ் ஊர் மாறிவிடாது. டிராக், பணம், ரசிகர்கள் வந்துபோகும் வழி மூன்றும் ரெடியாக இருக்க வேண்டும். ஒன்று சறுக்கினாலும் பழைய ஊர் காத்துக்கொண்டிருக்கும்.

நமக்கு என்ன தொடர்பு?

ஆல்பர்ட் பார்க்குக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு நேரடி உறவு இருக்கிறது. 2005 மார்ச்சில் கோவையின் நரேன் கார்த்திகேயன், ஃபார்முலா 1-ல் கலந்துகொண்ட முதல் இந்தியராக களமிறங்கியது இங்கேதான். ஜோர்டான் அணிக்காக ஓட்டி 15ஆவது இடம் பிடித்தார். 2010-ல் சென்னையின் கருண் சந்தோக் இதே டிராக்கில் 14ஆவதாக முடித்தார்.

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1-ல் சென்னை தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் டிராக்கில் ஃபார்முலா 4 இரவுப் பந்தயம் நடந்தபோதும் இதே கேள்விகள்தான் எழுந்தன. பொதுச் சாலையை ரேஸுக்கு மூடலாமா? அரசுப் பணம் எவ்வளவு? விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. ஃபார்முலா 4 என்பது ஃபார்முலா 1-ஐ விடப் பல படி கீழே இருக்கும் போட்டி. ஆனா கேள்வி மட்டும் ஒன்றுதான்.

சுருக்கமாக...

ரேஸ் ஊருக்குச் சொந்தமில்லை, ஒப்பந்தம் இருக்கும் வரைதான். அது ஊர் மாறுவதற்குப் பெரும்பாலும் காரணம் டிராக் இல்லை, அரசின் கஜானாவும் அரசியல் நேரமும். வரும்போது கொண்டாட்டம் எல்லோருக்கும் தெரியும். பில் மட்டும் தாமதமாக வரும், அது வரி கட்டுபவர் வீட்டு முகவரிக்கு வரும். அதனால் எந்த ஊரில் பெரிய ரேஸ் அறிவித்தாலும் மக்கள் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது? துண்டு விழுந்தால் கட்டுவது யார்? ரேஸ் முடிந்த பிறகு அந்த இடம் யாருக்கு?

அடிலெய்டு இந்தக் கேள்விகளை ரேஸ் போன பிறகு கேட்டது. மெல்போர்ன் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.